கெட்டகாலத்துக்கு ஒரு ஒத்திகை

எங்கள் தேயிலைத் தோட்ட ஆபிசுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குத் தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி, மானிட்டரின் நெற்றியில் திருநீறும் பூசினார்கள். ஏற்பாடு தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரையுடையது. அவர் சிங்களவர், பௌத்தர். ஆனால் தோட்டத்தில் எதைத் தொடங்கினாலும் கோயில் பூசாரியைக் கூப்பிட்டுவிட்டால் பிறகு யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்த நிர்வாகத் தத்துவம். பூசை முடியவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பொகவந்தலாவைப் பக்கத்தில் அது சகுனமல்ல, வழக்கம்.

அதை இயக்க என்னை எடுத்தார்கள். நான் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மகள். ஹட்டனில் உயர்தரம் படித்துவிட்டு, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவள். அந்த வகுப்பில் கம்ப்யூட்டரைவிடப் பிள்ளைகள் பல மடங்கு அதிகம். முறை வரும்போதுதான் தொடலாம். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்தத் தகுதியோடு நான் ஆபிசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து போய் ஆபிசில் உட்கார்ந்த முதல் பொம்பளைப் பிள்ளை தன் மகள்தான் என்று அம்மா மலையில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். துரையின் கணக்கு வேறு. கொழும்பில் படித்தவர்கள் இந்தக் குளிருக்கு வரமாட்டார்கள். வந்தாலும் இந்தச் சம்பளத்துக்கு நிற்கமாட்டார்கள்.

ஆபிசில் எனக்கு மேலே பெரிய கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத் தமிழின் நடுவே பல வருடம் வாழ்ந்தும் தன் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர். கம்ப்யூட்டரை அவர் ஒரு நாளும் தொடவில்லை. ஆனால் அது தவறு செய்யுமா என்று தூரத்திலிருந்து ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

"உந்தப் பெட்டிக்குக் காய்ச்சல் வந்தா ஆர் பிள்ளை பேர் போடுறது?" என்று கேட்பார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு.

"அதுக்கெல்லாம் வராதுங்க ஐயா."

"அப்ப சரி. எங்களுக்குத்தான் வரும்."

அந்தப் பெட்டிக்குள் தோட்டம் முழுவதும் இருந்தது. யார் எந்த லயத்தில் இருக்கிறார்கள், எந்த வருடம் பேர் பதிந்தார்கள், எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது, யார் எந்த நோய்க்கு லீவு எடுத்தார்கள், எல்லாம். நானே ஒவ்வொன்றாக அடித்து ஏற்றினேன். பழைய செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவுகள், அலுமாரி அலுமாரியாக அதன்பிறகும் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று துரை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் இரண்டாம் தடவையாக வந்தார்.

அவர் முதலில் வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்கு முன். வருடம் மாறும் கணத்தில் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனி அவரைப் பிடித்து எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பியது. அவர் வந்தார், மெஷினைத் தட்டிப் பார்த்தார், ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், துரையின் பங்களாவில் சாப்பிட்டார், போனார். வருடம் பிறந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்குத் தானே காரணம் என்று அவர் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனியும் நம்பி, இனி வரக்கூடிய எல்லா ஆபத்துக்கும் அவரையே பொறுப்பாக்கியது. வராத ஆபத்தை விரட்டியவருக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

அப்படி அவர் 'அனர்த்த ஆலோசகர்' என்ற புதிய பெயரோடு திரும்பி வந்தார். கொழும்புத் தமிழர், கழுத்துப்பட்டி கட்டியவர், கையில் மடிக்கணினி. எங்கள் பக்கத்தில் அதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவர் வாய் திறந்தால் தீ, வெள்ளம், குண்டுவெடிப்பு, நாசவேலை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆபிசுக்கு லொறி ஓட்டி வந்த ஒருவர் அரை மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய், "உள்ள கெட்டகாலம் வந்து குந்தியிருக்குங்க" என்று சொன்னார். அந்தப் பெயர் தோட்டம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. "நாளைக்குக் கெட்டகாலம் வருதாம்" என்று பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள்.

கெட்டகாலம் எங்களுக்கு ஒரு திட்டப் புத்தகம் தந்தார். செங்கல் பருமன். எதிர்பாராத இடையூறு வந்தால் கம்ப்யூட்டரையும் அதிலுள்ள தகவலையும் எப்படிக் காப்பாற்றுவது, வேலையை எப்படித் தடையில்லாமல் நடத்துவது என்பது விஷயம். பெரிய கிளாக்கர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நெருப்பு எரிஞ்சா லிப்டில ஏறக் கூடாதாம். எங்கட லிப்ட் எங்க கிடக்கு எண்டு ஒருக்கா கொழும்புத் தம்பியிட்ட கேளும்."

எங்கள் ஆபிஸ் தகரக் கூரை போட்ட ஒற்றைக் கட்டடம். முன்வாசலுக்கு இரண்டு படி. கொழும்பில் கடற்கரையோரமாக இருக்கும் ஏதோ மாடிக் கட்டடத்துக்கு எழுதிய புத்தகத்தில் கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குத் தந்திருந்தார் என்பது பக்கம் பக்கமாகத் தெரிந்தது. கடல் நீர் நிலக்கீழ் அறைக்குள் புகுந்தால் என்ன செய்வது என்று ஒரு தனி அத்தியாயம். மண்சரிவுக்கு ஒரு வரி இல்லை. மின்னலுக்கு ஒரு வரி இல்லை. ஈரத்துக்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு மின்னல்தான் கவலை. சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் மலையில் பகல் சாப்பாடு முடிந்ததும் வானம் கறுக்கும். பிறகு இடிக்கும் இடியில் தேத்தண்ணிக் கோப்பை தட்டிலே ஆடும். லயத்தில் ரேடியோ வைத்திருப்பவர்கள்கூட முதல் உறுமலுக்கே வயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கரண்ட் வயர், கொழும்புக்குத் தகவல் அனுப்பக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த டெலிபோன் வயர் இரண்டையும் கழற்றிவிட்டு, மழை விட்டபிறகு மாட்டுவேன். இதைக் கெட்டகாலம் ஒரு நாள் நேரில் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி செய்றீங்க?"

"இடி இடிக்குதுங்க சார். புடுங்கி வைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பிசினஸ் நிக்கக் கூடாது. அதுதான் நம்ம திட்டத்தின்ட உயிர். நீங்களே புடுங்கினா நீங்கதான் அனர்த்தம். விளங்குதா?" என்றார். பிறகு மேசைக்கு அடியிலிருந்த பாட்டரிப் பெட்டியைக் காட்டினார். "இது இருக்குத்தானே. கரண்ட் போனாலும் இது காப்பாத்தும்."

"டெலிபோன் வயர் வழியா வந்தாங்க சார்?"

"டெலிபோன்ல பேச்சுத்தான் வரும்" என்றார். துரை சிரித்தார். துரை சிரித்ததால் ஆபிசே சிரித்தது. நான் வயரைத் திரும்ப மாட்டினேன். இனி யாரும் எதையும் கழற்றக் கூடாது என்று துரையின் கையெழுத்தோடு சுவரில் ஒரு நோட்டீஸ் ஏறியது.

அடுத்தது பழைய புத்தகங்கள். காகிதம் நெருப்புக்குத் தீனி என்று கெட்டகாலம் சொன்னார். துரை அலுமாரிகளைக் காலி செய்து பழைய பேப்பர்காரனிடம் கொடுத்தார். சில வாரங்களில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினால் எங்கள் தோட்டத்து ஆட்களின் பெயர்கள் சுருட்டி மடித்துக் கையில் கிடைத்தன.

கடைசியாக மாற்றுப் பிரதி. தகவலை பிளாப்பி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஆபிசுக்கு வெளியே, 'குளிர்ச்சியான, இருட்டான, பூட்டிய இடத்தில்' வைக்க வேண்டும் என்றது புத்தகம். கொழும்பில் குளிர்ச்சி என்றால் நல்ல அறை. எங்கள் மலையில் குளிர்ச்சி என்றால் சுவரில் தண்ணீர் இறங்கும். துரை பங்களாவின் ஸ்டோர் அறையில், குளியலறைச் சுவரை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டகம் இருந்தது. வாரா வாரம் நான் நகல் எடுத்து, ஈரம் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெட்டகத்தைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. துரை வாங்கி, பையைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே வைத்துப் பூட்டுவார். பொலித்தீனில் வைத்தால் அழகாக அடுக்க முடியவில்லை என்பது அவர் குறை.

இவ்வளவும் ஆனபிறகு கெட்டகாலத்துக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களைக் கூப்பிட்டு, ஒரு கற்பனை அனர்த்தத்தை நடத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அவர்களும் திட்டம் வாங்குவார்கள். எங்கள் துரைக்கும் அதில் பெருமை. நாள் குறித்தார்கள். ஐப்பசி மாதம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த நேரத்தைக் கேட்டதும் பெரிய கிளாக்கர் சொன்னார்: "நல்ல நேரம்தான் பாத்திருக்கினம்."

அன்று காலையிலேயே கெட்டகாலம் வந்துவிட்டார். கம்ப்யூட்டரைச் சோதிக்க வேண்டும் என்று தன் மடிக்கணினியை எங்கள் மெஷினோடு ஒரு வயரால் இணைத்தார். என்னைப் போய்த் தேத்தண்ணி ஊற்றி வரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் சீனி" என்று திருப்பி அனுப்பினார். நான் சீனியோடு வந்தபோது வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

துரைமார்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பங்களாவில் நன்றாகச் சாப்பிட்டு முடித்த முகங்கள். ஆபிசுக்குள் நெருக்கி நின்றார்கள். கெட்டகாலம் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீசில் தொடங்கினார்: கனவான்களே, இந்தக் கணத்தில் இந்த ஆபிஸ் தீக்கிரையாகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. அவர் குரலை உயர்த்தினார். நான் சுவரில் இருந்த நோட்டீசையும் டெலிபோன் வயரையும் மாறி மாறிப் பார்த்தேன். கை வயர்ப் பக்கம் போனது. துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

பிறகு ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடு சேர்ந்தே சத்தம். டெலிபோன் ஒரு தரம் கத்திவிட்டு வாயடைத்தது. கம்ப்யூட்டருக்குள் பட்டாசு வெடித்தது போலக் கேட்டது. திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. பின்பக்கத்து ஓட்டைகளிலிருந்து மெல்லிய புகை எழுந்து துரைமார்களின் மூக்குக்குப் போனது. மேசைக்கு அடியிலிருந்த காக்கும் பெட்டி மட்டும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கீச்சுக் கீச்செனக் கூவிக்கொண்டிருந்தது.

பிறகு தடித்த ஒரு துரை கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "எவ்வளவு தத்ரூபம்!" என்று ஒருவர் எங்கள் துரையின் முதுகில் தட்டினார்.

கெட்டகாலத்தின் முகத்தில் ரத்தமில்லை. ஆனால் அந்த மனிதரிடம் ஒரு திறமை இருந்தது, அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு, "இப்போது இரண்டாம் கட்டம்" என்றார்.

இரண்டாம் கட்டம் பங்களாவில். பெட்டகத்திலிருந்து மாற்றுப் பிரதியை எடுத்துக் காட்டுவது. குடை பிடித்துக்கொண்டு ஊர்வலமாகப் போனோம். துரை பெட்டகத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து மழைக்காலத்துச் செருப்பின் வாசனை வந்தது. பிளாப்பிகள் அழகாக அடுக்கியிருந்தன. அத்தனையின் மேலும் வெள்ளைப் பஞ்சு போலப் பூசணம். ஒன்றை எடுத்து அதன் தகட்டை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய வட்டம் தேமல் விழுந்த தோல் மாதிரி இருந்தது.

"மிஸ், இது துடைச்சா சரி வருமா?" என்று துரை ரகசியமாகக் கேட்டார்.

"வராதுங்க சார்."

பின்னால் நின்ற துரைமார்களுக்கு இது தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது பெட்டகம் திறந்தது, டிஸ்க் இருந்தது. மறுபடி கைதட்டினார்கள். அடுத்த அறையில் கேக்கும் குடிவகையும் வைத்திருந்தது. மூன்றாம் கட்டத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள்தான் எங்களுக்கு ஒத்திகை முடிந்து நிஜம் தொடங்கியது. அந்த மாதத்துக்கான பேர் மட்டும், மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைமாரின் கைப்புத்தகங்களில் இருந்தது. அதற்கு முன்னால் யார் எத்தனை வருடம் வேலை செய்தார்கள், யாருக்கு என்ன சேர வேண்டும் என்பது மெஷினோடு எரிந்துபோயிற்று. துரை பெரட்டுக் களத்துக்கு வந்து, ஆளாளுக்குத் தன் தன் வேலை வருடங்களை ஆபிசில் வந்து வாயால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் தமிழில் அது இன்னும் அழகாக இருந்தது: "எல்லாரும் உங்க பழைய காலம் எல்லாம் ஞாபகம் பண்ணி சொல்லணும்."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொர, நாங்க இங்க பொறந்து இங்கயே வேல செஞ்சிக்கிட்டு இருக்கோம். அந்தப் பொட்டி செத்ததும் நாங்க நேத்துத்தான் வந்த ஆளுகளாயிட்டமா?"

"அப்படி இல்ல, தலைவர்..."

"அப்ப உங்க வருசத்தையும் வாயாலேயே சொல்லுங்க. நாங்களும் நம்புறோம்."

அன்று யாரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. துரையால் கொழும்புக்குப் போன் போட முடியவில்லை, டெலிபோன் எரிந்துவிட்டது. ஜீப்பில் ஹட்டனுக்குப் போய்ப் பேசினார். கொழும்பு, திட்டப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னது.

இந்த நிலைமையில்தான் கெட்டகாலம், ஒத்திகை வெற்றி பெற்ற சூட்டோடு, பள்ளத்தாக்கிலிருந்த துரைமார் கிளப்பில் ஒரு கூட்டம் வைத்தார். தன் மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்டி விற்பதற்கான கூட்டம். எங்கள் துரைக்குப் போக முகமில்லை. போகாமலிருந்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். போனார். புரொஜெக்டர் வயர் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கிளாக்கரும் வந்தார். கிளப்புக்குள் கிளாக்கர்மாரை விடும் நாள் அடிக்கடி வராது, போய் அந்தக் கதிரைகளில் ஒருதரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்.

விளக்கை அணைத்தார்கள். வெள்ளைச் சுவரில் கெட்டகாலத்தின் மென்பொருள் பெரிதாக விரிந்தது. "உதாரணத்துக்கு ஒரு தொழிலாளி" என்று அவர் விசையைத் தட்டினார். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. லயத்து இலக்கம் வந்தது. வேலையில் சேர்ந்த வருடம் வந்தது. பிறகு லீவு விபரம்: கண்டி ஆஸ்பத்திரி, கர்ப்பப்பை அகற்றிய சத்திரசிகிச்சை, மூன்று மாதம்.

அது என் அம்மா.

அந்த வரியை ஆபிசில் உட்கார்ந்து அடித்தது நானே. லயத்தில் பக்கத்து வீட்டுக்குக்கூட அம்மா அதைச் சொல்லவில்லை. வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அது ஆளுயர எழுத்தில் கிளப்புச் சுவரில் நின்றது. கிளாஸும் கையுமாக இருந்த துரைமார் அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். "பாருங்கள், எவ்வளவு நுணுக்கமான தகவல்!" என்றார் கெட்டகாலம்.

நான் வயரைக் கீழே போட்டேன்.

"சார், அது என் அம்மாங்க."

கெட்டகாலம் திரும்பினார். "இது சும்மா மாதிரித் தகவல், தங்கச்சி."

"மாதிரி இல்லீங்க. என் அம்மா பேரு. எங்க லயம். அந்த ஆப்பரேசனுக்கு நான்தான் கூடப் போயி நின்னேன். எங்க ஆபிசு தகவலு உங்ககிட்ட எப்பிடி வந்துச்சி?"

யாரோ விளக்கைப் போட்டார்கள். ஒத்திகை நாள் காலையில் என்னைத் தேத்தண்ணிக்கும் சீனிக்கும் அனுப்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் எங்கள் துரை எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். உண்மையில் ஆசைப்பட்டேன்.

"எல்லாம் இருக்கா?" என்று கத்தினார். "முழுத் தோட்டமும் அதுக்குள்ள இருக்கா?"

கெட்டகாலம் தடுமாறி, "இருக்கு" என்றார்.

துரை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திருடிய ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர்களோ தங்களைக் காப்பாற்றிய ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். கெட்டகாலத்துக்கும் அது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தூரநோக்கோடு தான் எடுத்துவைத்த 'மூன்றாவது பாதுகாப்புப் பிரதி' பற்றி அங்கேயே ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். மூன்றாம் முறையாகக் கைதட்டல். பெரிய கிளாக்கர் மட்டும் கதிரையில் சாய்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, களவெடுத்த பொருளைத் திருப்பிக் குடுக்கிறதுக்குப் பேர் தூரநோக்கு எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். கெட்டகாலமும் சிரித்தார். அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அம்மாவின் பெயர் சுவரில் விளக்கு வெளிச்சத்தில் மங்கலாக இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நான் போய் புரொஜெக்டரின் சுவிட்சை அணைத்தேன்.

கொழும்பிலிருந்து புது மெஷின் வந்தது. கெட்டகாலம் தன் மடிக்கணினியை எங்கள் ஆபிசில் வைத்துவிட்டு, துரையோடு பங்களாவுக்குச் சாப்பிடப் போனார். தகவலைப் புது மெஷினுக்கு மாற்றுவது என் வேலை. மாற்றினேன். ஒவ்வொரு லயமாகத் திறந்து சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. பெரிய கிளாக்கர் எழுந்து வந்தார். அதுவரை அவர் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு கிட்டே வந்ததில்லை.

"எல்லாம் இஞ்சால வந்திட்டுதோ?"

"வந்துருச்சிங்க ஐயா."

"அங்கால மிச்சம் கிடக்கோ?"

"அங்கேயும் அப்படியே இருக்குங்க."

"ஏன் கிடக்குது?" என்றார். பிறகு ஜன்னலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலையைப் பார்த்தார்.

நான் அழித்தேன். திரையிலிருந்த குப்பைக் கூடையிலும் தேடி அழித்தேன். எங்கள் தோட்டத்து ஆட்களைத் தவிர அந்த மடிக்கணினியில் வேறு எதையும் தொடவில்லை. மனது அவ்வளவு லேசாக இருந்த வேலை நாள் எனக்கு அந்த ஆபிசில் வேறு கிடையாது.

சில நாட்கள் கழித்து நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் கெட்டகாலத்தின் அடுத்த கூட்டம். எங்கள் துரையும் போயிருந்தார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். கெட்டகாலம் விளக்கை அணைக்கச் சொல்லி, "உதாரணத்துக்கு ஒரு தொழிலாளி" என்று விசையைத் தட்டியிருக்கிறார். சுவரில் வெறும் கட்டங்கள் வந்தன. மறுபடி தட்டினார். மறுபடியும் கட்டங்கள். ஊருக்கெல்லாம் மாற்றுப் பிரதி எடுக்கச் சொன்னவரிடம் அவருடைய சொந்த வியாபாரத்துக்கு ஒரு மாற்றுப் பிரதி இல்லை.

"அப்புறம் என்ன சார் நடந்திச்சி?" என்று நான் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"அவர் கெட்டிக்காரர், மிஸ். 'கனவான்களே, தகவல் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்டத்தான் இது' என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க. எல்லாத் தோட்டமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

பெரிய கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிலாளர்கள் மலைக்குத் திரும்பினார்கள், அவர்களின் வருடங்கள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன, அதில் நிம்மதி. இடி இடித்தால் வயரைக் கழற்ற எனக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக் கடிதத்தில் அது கெட்டகாலத்தின் சிபாரிசு என்று போட்டிருந்தது.

கிளப்பில் நடந்ததை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாராவது சொல்லுவதற்குள் நானே சொன்னேன். அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தொரமாருக எல்லாருமா பாத்தாங்க?"

"ஆமாம்மா."

"அந்த ஆளுகிட்ட இருந்து அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"நம்ம ஆபிசுல?"

"அங்க இருக்கும்மா. லீவுக்குக் காரணம் போடணும்ல."

"அங்க யாரு யாரு பாக்கலாம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். துரை பார்க்கலாம். அவருக்கு அடுத்த சின்னதுரை பார்க்கலாம். கொழும்பு கேட்டால் கொழும்பும் பார்க்கலாம். கெட்டகாலம் ஒருவரைத்தான் நான் வெளியே தள்ளியிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"இனிமே எனக்கு என்னா வந்தாலும் காய்ச்சல்னு போடு" என்றாள்.

போட்டேன். அம்மா மலையில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து லீவு கேட்டு வந்த பெண்கள் என் மேசைக்கு முன்னால் குனிந்து, "பாப்பா, காய்ச்சல்னு போட்டுக்க" என்று மெதுவாகச் சொன்னார்கள். ரத்தப்போக்கும் காய்ச்சல், கருக்கலைந்ததும் காய்ச்சல், புருஷன் அடித்துக் கண் வீங்கியதும் காய்ச்சல். நான் எல்லாவற்றையும் காய்ச்சல் என்றே அடித்தேன். பெரிய கிளாக்கர் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார்.

வருடம் முடிந்ததும் கொழும்பில் யாரோ எங்கள் தகவலை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தத் தோட்டத்துப் பெண்களிடையே விளங்காத ஒரு காய்ச்சல் பரவுவதாகவும், இது எதிர்பாராத இடையூறுகளில் ஒன்று என்றும், உடனே நடவடிக்கை எடுப்பதாகவும் துரைக்குத் தகவல் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு லொறி வந்தது. உள்ளே மூட்டை மூட்டையாக நுளம்பு வலை, கொசு கடிக்காமல் கட்டிலுக்கு மேலே கட்டுவது.

எங்கள் மலையில் அந்தக் குளிருக்கு நுளம்பு ஏறி வருவதே அபூர்வம். துரை பெரட்டுக் களத்தில் நின்று, வீட்டுக்கு ஒன்றாக வலையைக் கையாலேயே கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அம்மா தன் பங்கை லயத்துக்குப் பின்னால் இருந்த லீக்ஸ் பாத்திக்கு மேலே கட்டினாள். அந்த வருடம் எங்கள் லீக்ஸைக் கோழி கிளறவில்லை.